குதிகாலுக்குக் கீழே மணல்

திருச்செந்தூர் முருகனைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கடலாடி, பிறகு நாழிக்கிணற்றில் குளித்து, அதன்பின் கோயிலுக்குள் போவது வழக்கம். அந்தக் கடலோரத்தில் சற்று நேரம் நின்று முதியவர்களின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். வருகிற அலை அவர்களை அவ்வளவாகச் சாய்ப்பதில்லை. அது உடைந்து நுரைத்து வருவது கண்ணுக்குத் தெரிகிறது. முழங்காலை லேசாக மடக்கி, தோளைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். தண்ணீர் கடலுக்குத் திரும்பும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. அதுவும் கணுக்கால் நனையும் அளவுத் தண்ணீரில். “ஆச்சி, கையப் புடிச்சிக்கிடுங்க” என்று பேரன் சொல்வதும், “விடுல, நான் பாக்காத கடலா” என்று ஆச்சி உதறுவதும், அடுத்த நொடி அவன் தோளையே இறுகப் பற்றுவதும் அங்கே நாள் முழுக்க நடக்கிற காட்சி.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. இதே ஆச்சி வீட்டில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்குவார். விடிகாலையில் குனிந்து கோலம் போடுவார். உடம்பு நன்றாகவே வளைகிறது. வளைகிற உடம்பு ஏன் நிற்கமாட்டேன் என்கிறது? உடம்பை நீட்டி வளைக்கும் பயிற்சிகளைச் செய்தால் முதுமையில் விழாமல் இருக்கலாம் என்று பலரும் சொல்கிறார்களே, அது உண்மையா? பாதி உண்மை. எந்தப் பாதி என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த அத்தியாயம்.

நிற்பது ஒரு வேலை

நிற்பதை நாம் ஓய்வின் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். தசைகளைக் கேட்டால் வேறு கதை சொல்லும். உடலின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளக்கூடிய ஒரு புள்ளி உண்டு. அதை எடைமையம் என்போம். நிற்கும்போது அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலுக்குள் இருக்கும். அதிலிருந்து ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டால் நூல் கணுக்காலைத் தொடாது. கணுக்காலுக்கு நாலைந்து சென்டிமீட்டர் முன்னால் பாதத்தின் மேல் விழும். அதாவது நாம் எப்போதும் முன்னோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறோம். விழாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது கெண்டைக்கால் தசை.

இந்தப் பிடி ஒரே சீரானதல்ல. உள்ளங்கையில் துடைப்பக்கட்டையை நிறுத்தி விளையாடும் பையன் கையைச் சற்றே முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருப்பான், இல்லையா? கெண்டைக்காலும் அதைத்தான் செய்கிறது. இயன் லோரம், மார்ட்டின் லேக்கி முதலிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2004இல் நிற்பவர்களின் கெண்டைக்காலை அல்ட்ராசவுண்ட் கருவியால் படம்பிடித்தார்கள். உடல் முன்னால் சாயும்போது தசை இழுபட்டு நீளும் என்றுதான் யாரும் நினைப்போம். படத்தில் தெரிந்தது நேர்மாறு: உடல் முன்னால் சாயச் சாயத் தசை சுருங்கியது. தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் ரப்பரைப் போல நெகிழக்கூடியது. அந்த நெகிழ்வையும் ஈடுகட்டி, நொடிக்கு இரண்டு மூன்று தடவை தசை சின்னச் சின்னதாக இழுத்துவிடுகிறது. சும்மா நிற்பதற்கே இத்தனை திருத்தங்கள்.

கண், காது, உள்ளங்கால்

திருத்த வேண்டுமானால் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று முதலில் தெரிய வேண்டும். அந்தச் செய்தி மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து வருகிறது.

ஒன்று கண். அதை ஏமாற்றுவது எளிது. டேவிட் லீ என்ற உளவியலாளர் 1970களில் ஓர் அறை கட்டினார். தரை அசையாது, சுவர்கள் மட்டும் நகரும். சுவர் சில சென்டிமீட்டர் நகர்ந்ததும் உள்ளே நின்ற பெரியவர்கள் அதோடு சேர்ந்து ஆடினார்கள். நடக்கப் பழகிக்கொண்டிருந்த குழந்தைகள் விழுந்தே போனார்கள். காலடியில் எதுவுமே நடக்கவில்லை, கண் சொன்னதை உடல் நம்பிவிட்டது.

இரண்டாவது, உள்காது. தலையின் அசைவையும் சாய்வையும் அங்கே உள்ள நுண்மயிர்ச் செல்கள் உணர்கின்றன. வயதாக ஆக அவை குறையும், மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

மூன்றாவது, தசையும் மூட்டும் பாதத்தின் தோலும் சேர்ந்து தரும் செய்தி. கண்ணை மூடிக்கொண்டே மூக்கு நுனியைத் தொட முடிகிறதே, அந்தத் திறனைத் தன்னிலை உணர்வு என்று சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டில் பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் சில நோயாளிகளிடம் ஒன்றைக் கவனித்தார். தண்டுவடம் கெட்டிருந்த அவர்கள் கண் திறந்திருக்கும்வரை நின்றார்கள், மூடியதும் ஆடி விழப்போனார்கள். காலிலிருந்து செய்தி வராதவர்கள் கண்ணை நம்பி நின்றிருந்தார்கள். நரம்பு மருத்துவர்கள் இன்றும் செய்யும் எளிய பரிசோதனை அது. நம் ஊரில் இதே நிலையைச் சர்க்கரை நோய் உண்டாக்குகிறது. ‘கால் மதமதன்னு இருக்கு’ என்று பெரியவர்கள் சொல்வதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. மூன்று செய்திகளில் ஒன்று நின்றுபோனதன் அறிவிப்பு அது.

இப்போது திரும்பும் அலைக்கு வாருங்கள். கண்முன்னே பரப்பு முழுவதும் கடலை நோக்கி வழுக்கிப் போகிறது. அதோடு சேர்ந்து உடலும் ஆடப் பார்க்கிறது. காலுக்கடியில் மணல் இடம் மாறுகிறது, உள்ளங்கால் தரும் செய்தியும் நொடிக்கு நொடி மாறுகிறது. மிச்சமிருப்பது வயதான உள்காது ஒன்றுதான். செய்தி குழம்புவதற்கு இதைவிட நல்ல இடத்தைத் திட்டமிட்டும் அமைக்க முடியாது. ஆனால் ஆச்சி தடுமாறுவதற்குச் செய்திக் குழப்பம் மட்டும் காரணமல்ல.

நாலு சென்டிமீட்டர்

கடலைப் பார்த்து நிற்கிறார் ஆச்சி. திரும்பும் தண்ணீர் பின்னாலிருந்து வருகிறது, முதலில் மோதுவது குதிகாலில். தடையில் மோதும் நீர் இருபுறமும் வேகமெடுத்துச் சுழலும், சுழலும் இடத்தில் மணலை அள்ளிக்கொண்டு போகும். பாலத்தூண்களின் அடியில் ஆற்று மணல் அரிபடுவதும் இதே முறையில்தான். அதனால் குதிகால் கீழே இறங்குகிறது. விரல்கள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆச்சியின் உயரம் 5 அடி, பாதத்தின் நீளம் 24 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். குதிகால் 4 செ.மீ. இறங்கினால் பாதம் சுமார் 10 டிகிரி பின்னால் சாய்ந்துவிடும். உடல் நேராகவே நிற்க வேண்டுமென்றால் அந்த 10 டிகிரியையும் கணுக்கால் மடங்கிக் கொடுத்தாக வேண்டும். பாதத்தின் மேற்பக்கமும் முன்கால் எலும்பும் ஒன்றையொன்று நெருங்கும் இந்த மடக்கத்துக்குக் கணுமடக்கம் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். இந்த அத்தியாயத்தின் முதன்மையான ஆள் அதுதான்.

இளைஞருக்குக் கணுமடக்கத்தில் தாராளமாக இடம் இருக்கும். 10 டிகிரி போனது தெரியவே தெரியாது. ஆச்சியின் கணுக்காலில் 5 டிகிரிதான் மிச்சம் என்றால்? முதல் 5 டிகிரியைக் கணுக்கால் ஏற்றுக்கொள்ளும். அடுத்த 5 டிகிரிக்குக் கணுக்கால் பூட்டிக்கொள்ள, பாதமும் காலும் ஒரே துண்டாகப் பின்னால் சாயும். தரையிலிருந்து சுமார் 85 செ.மீ. உயரத்தில் இருக்கும் எடைமையம் 7 செ.மீ. பின்னுக்குப் போய்விடும். முன்பு கணுக்காலுக்கு 5 செ.மீ. முன்னால் விழுந்த தூக்குநூல் இப்போது 2 செ.மீ. பின்னால் விழுகிறது. குதிகாலின் விளிம்போ கணுக்காலிலிருந்து 5 செ.மீ. தூரத்தில்தான் முடிகிறது. இன்னும் 3 செ.மீ. போனால் மல்லாக்க விழ வேண்டியதுதான்.

சிக்கல் இன்னொன்றும் உண்டு. எடை கணுக்காலுக்கு முன்னால் இருந்தவரை இழுத்துப் பிடிக்கக் கெண்டைக்கால் தசை இருந்தது. எடை பின்னால் போனதும் அந்தப் பெரிய தசைக்கு வேலையில்லை. முன்கால் எலும்பை ஒட்டி ஓடும் ஒல்லியான தசை ஒன்றுதான் உடலை முன்னுக்கு இழுக்க வேண்டும். அதுவும் இறுகிப்போன கெண்டைக்காலை எதிர்த்து இழுக்க வேண்டும்.

தப்பிக்க வழியே இல்லையா? இருக்கிறது. முழங்காலை மடக்கலாம். கெண்டைக்காலின் மேல்தசை முழங்காலையும் தாண்டித் தொடையெலும்பில் போய்ப் பிடித்திருப்பதால், முழங்கால் மடங்கியதும் அது தளர்ந்து கணுக்காலுக்குக் கூடுதல் இடம் கிடைக்கும். இடுப்பை முன்னால் வளைக்கலாம். ஒரு காலைப் பின்னால் எடுத்து வைக்கலாம். இளம்கால்கள் இவற்றில் ஒன்றை நொடியின் பத்தில் ஒரு பங்கில் தொடங்கிவிடும், யோசனைக்கு அங்கே நேரமே கிடையாது. ஆச்சியின் காலோ மணலில் புதைந்திருக்கிறது, தொடைத்தசையிலும் பழைய வலு இல்லை. அதனால் கை பேரனின் தோளுக்குப் போகிறது.

கணுக்கால் ஏன் இறுகுகிறது

கோலத்துக்குக் குனியும்போது இடுப்பும் தொடையின் பின்புறமும் வளைகின்றன. சம்மணத்தில் தொடை பக்கவாட்டில் திரும்புகிறது. இரண்டிலும் கணுமடக்கத்துக்கு வேலை இல்லை. ஆச்சியின் உடல் வளைகிற இடம் வேறு, கடலோரத்தில் வளைய வேண்டிய இடம் வேறு. புதிரின் முதல் பாதிக்கு விடை இதுதான்.

கணுக்காலை முழுக்க மடக்கவைத்த வேலைகள் நம் வீடுகளில் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. குதிகால் தரையில் பதியக் குந்தி உட்கார்ந்து பாத்திரம் துலக்குவது போய்விட்டது. குந்தும் கழிப்பறை போய் மேலைக் கழிப்பறை வந்துவிட்டது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அது பெரிய உதவி, அதைக் குறைசொல்ல மாட்டேன். கணுக்கால் இழந்ததை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும் என்பதுதான் என் கவலை. வயதோடு தசையைச் சூழ்ந்த இணைப்புத் திசுவும் விறைக்கிறது. சர்க்கரை நோய் இருந்தால், ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை நாணின் புரத இழைகளைக் குறுக்கே பிணைத்து இன்னும் விறைப்பாக்குகிறது.

பழக்கம் இந்தத் தசையை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு வியப்பான சான்று ஒன்று உண்டு. உகாண்டாவின் ட்வா மக்கள் தேனுக்காக மரமேறுகிறவர்கள். ஏறும்போது பாதம் 45 டிகிரிக்கு மேல் மடங்கி, மேற்பாதம் முன்காலுக்கு மிக அருகே வந்துவிடும். 2013இல் விவேக் வெங்கட்டராமனும் உடன் ஆய்வாளர்களும் அவர்களுடைய கெண்டைக்காலை அளந்தார்கள். அருகில் வாழும், மரமேறாத உழவர்களைவிட ட்வா ஆண்களின் தசையிழைகள் நீளமாக இருந்தன. எலும்பில் வித்தியாசம் தேடவேண்டிய தேவை வரவில்லை, ஆண்டுக்கணக்கான பழக்கம் இழையை நீட்டியிருந்தது. உடன்குடிப் பக்கம் தளைநார் மாட்டிப் பனையேறும் பெரியவர்களின் கால்களைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

ஒரு நிமிடம்

அறுபதுக்கு மேல் யாரும் பனையேறத் தொடங்க வேண்டியதில்லை. சுவர் போதும். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, பின்காலின் முழங்கால் மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல் உடலை முன்னால் சாய்ப்பது. கெண்டைக்காலில் ‘இழுக்கிறது’ என்று தோன்றும் இடத்தில் நிறுத்திப் பிடிப்பது. வலிக்கிற இடம்வரை போக வேண்டாம். பிறகு பின்காலின் முழங்காலைச் சற்றே மடக்கி இன்னொரு தடவை. முதல் நிலை மேல்தசைக்கு, இரண்டாவது அதற்கடியில் இருக்கும் தசைக்கு.

எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும்? 2001இல் வெளிவந்த ஃபெலாண்ட் குழுவின் அமெரிக்க ஆய்வில் 65 முதல் 97 வயதுவரை உள்ளவர்கள் தொடையின் பின்தசையை நீட்டினார்கள். சிலர் 15 நொடி, சிலர் 30, சிலர் 60. தடவைக்கு நான்கு முறை, வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். அதிகப் பலன் 60 நொடிக்காரர்களுக்கு. முதிய தசைக்கு அவசரம் ஆகாது.

ஆறு வாரத்தில் தசை நீண்டுவிட்டதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. சில வார நீட்சியில் கிடைக்கும் கூடுதல் மடக்கத்தில் பெரும்பங்கு, நரம்பு மண்டலம் அந்த இழுப்பைப் பொறுத்துக்கொள்ளப் பழகியதால் வருவது என்பதே இன்றைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று முன்பு 5 டிகிரியில் ஒலித்த எச்சரிக்கை 9 டிகிரியில் ஒலிக்கிறது. இதில் ஏமாற்றம் கொள்ள ஒன்றுமில்லை, கிடைத்த இடம் கிடைத்ததுதான். நிறுத்தினால் அந்த எச்சரிக்கை பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆரிகனில் நடந்தது

இதுவரை படித்தவர்கள், கணுக்காலை நீட்டினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால் அது என் தவறாகிவிடும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஃபூஸோங் லீ குழு நடத்தி 2005இல் வெளியிட்ட சோதனையைச் சொல்லியாக வேண்டும். 70 முதல் 92 வயதுவரை, பயிற்சிப் பழக்கம் இல்லாத 256 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். இரண்டு குழுக்களுக்கும் வாரம் மூன்று வகுப்பு, ஆறு மாதம். ஒரு குழு நீட்சிப் பயிற்சி செய்தது. இன்னொரு குழு தாய்ச்சி செய்தது. எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெதுவாக மாற்றி, உடலைத் திருப்பி, கையை வீசி நகரும் சீனப் பயிற்சி அது. ஆறு மாத முடிவில் நீட்சிக் குழுவில் 73 விழுதல்கள், தாய்ச்சிக் குழுவில் 38.

அதே குழு 2018இல் விழும் அபாயம் அதிகமுள்ள 670 முதியவர்களிடம் செய்த பெரிய சோதனையிலும் தாய்ச்சியை ஒட்டிய பயிற்சி செய்தவர்கள், நீட்சி மட்டும் செய்தவர்களைவிட 58 விழுக்காடு குறைவாக விழுந்தார்கள். இந்தச் சோதனைகளில் நீட்சிக்குக் கிடைத்த இடத்தைக் கவனியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு வேண்டும், அந்தக் குழுவுக்கும் ஏதாவது பயிற்சி வேண்டும், ஆனால் அது விழுதலைப் பெரிதாக மாற்றக் கூடாது. அந்த இடத்துக்குத்தான் நீட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

காரணம் விளங்கக்கூடியதே. கணுக்காலில் 10 டிகிரி இடம் இருப்பது ஒன்று. குதிகால் இறங்கும் அந்த நொடியில் அந்த இடத்தைப் பயன்படுத்த மூளைக்குத் தெரிந்திருப்பது இன்னொன்று. இரண்டாவதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு கற்க முடியாது. சற்றே தடுமாறி, தடுமாற்றத்தைத் திருத்தி, மறுபடி தடுமாறித்தான் கற்க வேண்டும். 2019இல் காக்ரன் அமைப்புக்காகக் கேத்தரின் ஷெரிங்டன் குழு 108 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. சமநிலைக்குச் சவால்விடும் பயிற்சிகள் விழுதலை 24 விழுக்காடு குறைத்திருந்தன. அவற்றோடு தசைவலுப் பயிற்சியும் சேர்ந்தபோது குறைவு 34 விழுக்காடு. அதற்காக நீட்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. கணுக்கால் பூட்டியிருப்பவர் தடுமாற்றத்தைத் திருத்தப் பழகவே இடமிருக்காது. முதலில் இடம், அதற்குமேல் பழக்கம்.

அடிப்பிரதட்சிணம்

தாய்ச்சி கற்றுக்கொடுக்கும் ஆள் காயல்பட்டினத்திலோ ஆறுமுகநேரியிலோ கிடைப்பது கடினம். ஆனால் அதற்கு இணையான ஒரு பழக்கத்தை நம் பெண்கள் கோயில் பிரகாரங்களில் வேண்டுதலாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அடிப்பிரதட்சிணம்: ஒரு பாதத்தின் விரல் நுனியில் அடுத்த பாதத்தின் குதிகால் படும்படி, அடிமேல் அடி வைத்துச் சுற்றி வருவது.

முதியோர் மருத்துவத்தில் இதற்கு உரிய மதிப்பு உண்டு. 1994இல் ஜாக் குரால்னிக் குழு வெளியிட்டு, இன்று உலகெங்கும் பயன்படும் உடல்திறன் சோதனையின் முதல் பகுதியே நிற்பதுதான். பாதங்களைச் சேர்த்து 10 நொடி, ஒன்றைச் சற்று முன்தள்ளி 10 நொடி, கடைசியாகக் குதிகாலும் விரலும் தொட ஒரே கோட்டில் 10 நொடி. அடிப்பிரதட்சிணத்தின் ஒவ்வோர் அடியும் அந்தக் கடைசி நிலைதான். பக்கவாட்டில் உடலைத் தாங்கும் அகலம் ஒரு பாதத்தின் அகலமாகச் சுருங்கிவிட, இடுப்பின் வெளிப்புறத் தசைகள் விழித்துக்கொள்கின்றன.

இந்தப் பக்கவாட்டுச் சமநிலைதான் உயிரைக் காப்பது. பக்கவாட்டில் சாய்ந்து இடுப்பில் விழும்போதே இடுப்பெலும்பு முறியும் அபாயம் மிக அதிகம், அதன்பின் எத்தனையோ பேர் பழையபடி எழுந்து நடப்பதில்லை. உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 60 வயது தாண்டியவர்களிடையே இந்த இறப்பு மற்றெந்த வயதினரையும்விட அதிகம். ‘வயசாச்சுன்னா விழத்தான் செய்வாக’ என்று ஏற்றுக்கொள்ளக்கூடிய விஷயம் அல்ல இது.

அடுத்த படி ஒற்றைக்கால். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்பவரைப் பார்த்திருப்பீர்கள். கையைத் தலைக்குமேல் தூக்க வேண்டாம், அடுப்பங்கரை மேடையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு 10 நொடி நின்றால் போதும். பிரேசிலில் 51 முதல் 75 வயதுவரை உள்ள 1,702 பேரைச் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். ஐவரில் ஒருவரால் 10 நொடி நிற்க முடியவில்லை, 71 வயதுக்கு மேல் ஏறக்குறைய பாதிப்பேரால் முடியவில்லை. நிற்க முடியாதவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் இறப்பது அதிகமாக இருந்தது. ஒற்றைக்காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருளல்ல. நிற்க முடியாமை, உடலுக்குள் வேறு பல குறைகள் சேர்ந்துவிட்டதைக் காட்டும் அடையாளம்.

யாருக்கு, எப்படி

நீட்சி, வலு, சமநிலை மூன்றையும் ஒரு வரிசையில் செய்யலாம். முதலில் கெண்டைக்கால் நீட்சி. பிறகு மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது, இது வலுவுக்கு. கடைசியாக அடிப்பிரதட்சிணமும் ஒற்றைக்காலும். வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், அதுவும் சமநிலைக்கு உண்மையிலேயே சவாலாகச் செய்த குழுக்களில்தான் விழுதல் அதிகம் குறைந்தது என்று ஷெரிங்டன் குழுவின் 2017 தொகுப்பு காட்டியது. நாள் ஒன்றுக்கு அரை மணி நேரத்தை இரண்டு மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். சுலபமாகிவிட்ட பயிற்சி பலன் தராது. இரண்டு கைப்பிடி ஒரு கையாக வேண்டும், ஒரு கை ஒரு விரலாக வேண்டும்.

எழுந்ததும் கிறுகிறுப்பு வருகிறவர்கள் முதலில் ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். எந்த நீட்சியும் அதைச் சரிசெய்யாது. இரண்டடுக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு நாழிக்கிணறு போன்ற ஈரப்படிகளில் தனி ஆபத்து உண்டு. கீழே பார்க்கும்போது அருகில் பார்ப்பதற்கான வில்லை குறுக்கே வந்து படியின் விளிம்பை மங்கலாக்கிவிடும். ஏற்கெனவே ஓரிரு தடவை விழுந்தவர்கள் தாமாகத் தொடங்காமல், இயன்முறை மருத்துவர் ஒருவர் பக்கத்தில் இருக்கத் தொடங்குவது நல்லது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவமும் அடக்கம். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் வெயிலில் காய்ந்த பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு அடிப்பிரதட்சிணம் செய்யவே கூடாது, கொப்புளம் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்குள், பிடிப்புள்ள மெல்லிய செருப்போடு, கை எட்டும் தூரத்தில் சுவர் இருக்கும்படி செய்யலாம். முடித்ததும் இரண்டு உள்ளங்கால்களையும் யாராவது ஒருவர் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும்.